மன அழுத்தத்துக்கு மூலிகை: அமுக்கராவா, துளசியா, வல்லாரையா, ரோடியோலாவா?

மன அழுத்தத்துக்கு மூலிகை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களில் பெரும்பாலோர், கேட்கும்போதே ஒரு டப்பாவை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் இணையக் கடையின் கூடையில் இரண்டு மூன்றைப் போட்டுவிட்டு, எதற்குப் பணம் கட்டுவது என்று தயங்கிக்கொண்டிருக்கிறார்கள். அஸ்வகந்தா கேப்சூலுக்கும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அமுக்கரா சூரணத்துக்கும் என்ன வேறுபாடு, துளசியே போதாதா, வல்லாரை மூளைக்கு நல்லதாமே, வெளிநாட்டு ரோடியோலா இவற்றைவிட வலுவானதா என்பவையே அவர்களுடைய கேள்விகள். நான்கும் ஒரே அலமாரியில், ஒரே வகை வாக்குறுதியோடு அடுக்கப்பட்டிருப்பதால், இவற்றில் வலுவானது எது என்பதுதான் கேள்வி என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அழுத்தம் உங்களிடம் எந்த உருவில் வெளிப்படுகிறது, நீங்கள் ஏற்கெனவே என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்ற இரண்டு விடைகள் தெரிந்துவிட்டால், இந்த நான்கில் குறைந்தது இரண்டு தாமாகவே கழிந்துவிடும்.

அடாப்டோஜென் என்ற வகைப்பாடு

இம்மூலிகைகளுக்கு இன்று பொதுப்பெயராக வழங்கும் அடாப்டோஜென் என்பது ஆயுர்வேதத்திலிருந்தோ சித்தத்திலிருந்தோ வந்ததன்று. சோவியத் நாட்டின் நிக்கொலாய் லாசரெவ் 1947இல் இக்கருத்தை முன்வைத்தார். விளாதிவோஸ்தோக்கில் பணியாற்றிய இஸ்ரேல் பிரெக்மன் 1960களில் அதை விரிவாக்கி, ஒரு மூலிகை இவ்வகையில் சேர மூன்று தகுதிகளை வகுத்தார். சாதாரண அளவில் நஞ்சாக இருக்கக் கூடாது. வெப்பம், குளிர், உழைப்பு, நோய் என்று எவ்வகைச் சுமையானாலும் உடலின் தாங்குதிறனைக் கூட்ட வேண்டும். உடலில் மிகுந்திருப்பதைக் குறைத்து, குறைந்திருப்பதைக் கூட்டி நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த மூன்றாவது தகுதி கேட்பதற்கு இனிமையாக இருக்கிறதே தவிர, ஆய்வகத்தில் பொய்யென்று நிறுவ முடியாத அளவுக்கு நெகிழ்வானது. ஐரோப்பிய மருந்து முகமை 2008இல் வெளியிட்ட குறிப்பில், இச்சொல்லை மருந்தியல் வகைப்பாடாக ஏற்கப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். எனவே டப்பாவின் மேல் அடாப்டோஜென் என்று அச்சிட்டிருப்பது, உள்ளே இருக்கும் பொருள் உங்களுக்கு வேலை செய்யும் என்பதற்குச் சான்றாகாது. ஒவ்வொரு மூலிகையையும் தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டும்.

எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், அழுத்தத்தின் உருவம். படுக்கையில் விழுந்து மணிக்கணக்காகியும் மனம் ஓடிக்கொண்டே இருப்பவருக்கும், எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தும் பிற்பகலில் கை கால் தளர்ந்து போகிறவருக்கும் ஒரே மூலிகை பொருந்தாது. முன்னவருக்கு அமைதிப்படுத்துவது வேண்டும்; பின்னவருக்கு அதே பொருள் மேலும் மந்தத்தைத் தரலாம்.

இரண்டாவது, மனிதர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு. எலிகளை நீரில் நீந்தவிட்டுப் பெற்ற முடிவுகள் இத்துறையில் மலைபோல் குவிந்திருக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்ற குழுவோடு ஒப்பிட்ட மனித ஆய்வுகளையே பார்க்க வேண்டும்; அவற்றிலும் எந்த அளவு, எந்த வடிவம், எத்தனை வாரம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் பெரும்பாலும் அந்த மூலிகையின் சாரத்தைத் தயாரிக்கும் நிறுவனமே என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, உங்கள் நோய்களோடும் மருந்துகளோடும் அது மோதுமா என்பது. நான்காவது, டப்பாவுக்குள் இருப்பது உண்மையில் அந்த மூலிகைதானா என்பது. விலை ஐந்தாவதாகத்தான் வருகிறது. மாதச் செலவைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு: மூலிகையை நம்பித் தள்ளிப்போட்ட பரிசோதனை. தைராய்டு குறைவு, இரத்தச்சோகை, வைட்டமின் பி12 பற்றாக்குறை, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் உறக்க நோய் ஆகிய ஒவ்வொன்றும் மன அழுத்தத்தின் முகமூடியை அணிந்துகொண்டு வரும். மாதவிலக்கின்போது அதிகம் இரத்தம் இழக்கும் பெண்ணின் சோர்வை எந்த வேரும் தீர்க்காது. ஹீமோகுளோபினைப் பார்த்து இரும்புச்சத்து கொடுத்தால்தான் தீரும்.

அமுக்கரா: சூரணமாக

அஸ்வகந்தா என்று விளம்பரங்கள் சொல்லும் செடி நமக்கு அமுக்கரா, அமுக்கிரா என்ற பெயர்களில் நெடுங்காலமாகத் தெரிந்ததுதான். சந்தைக்கு வரும் வேரில் பெரும்பங்கு மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பகுதிகளில் விளைகிறது. சித்த மருத்துவ முறையில் இவ்வேரைப் பசும்பாலில் பிட்டவியலாக, அதாவது பிட்டுப் போல ஆவியில் அவித்து, உலர்த்தி, இடித்துச் சலித்த பின்பே மருந்தில் சேர்ப்பார்கள்.

ஆனால் அமுக்கரா சூரணம் என்பது அமுக்கராப் பொடி மட்டுமன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு என்று பங்குகள் இரட்டித்துக்கொண்டே போகும். அவற்றுக்குச் சரியெடை அளவில் சர்க்கரையும் சேரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டியில் ஐந்து கிராம் சூரணம் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், அதில் அமுக்கரா ஏறத்தாழ ஒன்றேகால் கிராம், சர்க்கரை இரண்டரை கிராம், மீதி சுக்கு திப்பிலி முதலியன. தயாரிப்புக்குத் தயாரிப்பு இது சற்றே மாறும் என்றாலும், இரண்டு முடிவுகள் இதிலிருந்து கிடைக்கின்றன.

ஒன்று, நீரிழிவுக்காரர் இதை வேளைக்கு ஒரு கரண்டி என்று பாலில் கலந்து குடிக்கும்போது, சர்க்கரையையும் மருந்தாக எண்ணி விழுங்குகிறார். மற்றொன்று, மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற பொருள், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின், இரத்த அழுத்தத்துக்கான புரொப்ரனலால் போன்ற சில மருந்துகள் இரத்தத்தில் கலக்கும் அளவை உயர்த்தக்கூடியது. வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர் இதைச் சாதாரணப் பொடி என்று நினைத்துத் தொடங்குவது சரியன்று. குடல்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் இந்தக் காரம் ஒத்துக்கொள்ளாது.

இவ்வளவையும் சொன்ன பிறகும், சூரணத்தின் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. அழுத்தத்தோடு பசியின்மையும் வயிற்று மந்தமும் சேர்ந்து, உடல் மெலிந்து போகிறவருக்கு இந்தச் சேர்க்கை பொருத்தமாக அமைக்கப்பட்டது. சுக்கும் திப்பிலியும் அதில் அலங்காரத்துக்காக இல்லை. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்தப் பிரிவுகளில் மருத்துவர் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, நான்கு கேள்வி கேட்டபின் இதை இலவசமாகவே கொடுக்கிறார்கள். சென்னையைச் சுற்றியிருப்போர் அரும்பாக்கத்தில் உள்ள அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைக்கோ, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ போகலாம். பணம் செலவில்லை, ஆனால் வரிசையில் நிற்கும் அரை நாளும், மறுமுறை போய்க் காட்ட வேண்டிய இன்னொரு அரை நாளும் செலவுதான். அந்த மறுமுறைப் பார்வையே இந்தத் தேர்வின் தலையாய நன்மை என்பது என் எண்ணம், ஏனென்றால் கேப்சூல் வாங்குபவரை மீண்டும் ஒருமுறை யாரும் பார்ப்பதில்லை.

அஸ்வகந்தா: சாரமாக, கேப்சூலில்

இன்று ஆய்வுகள் என்று எடுத்துக்காட்டப்படுபவை பெரும்பாலும் சூரணத்தைப் பற்றியவை அல்ல. வேரிலிருந்து பிரித்துச் செறிவாக்கிய சாரத்தைப் பற்றியவை. வேர்ப்பொடியில் வித்தனோலைடுகள் எனப்படும் செயற்பொருள்கள் பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருக்கும். சாரத்திலோ 5 விழுக்காடு என்று அளவு நிறுத்தப்பட்டிருக்கும், சிலவற்றில் அதற்கும் பல மடங்கு. ஆகவே நாட்டு மருந்துக் கடைப் பொடியை வாங்கிவிட்டு ஆய்வு முடிவை எதிர்பார்ப்பதும், சாரத்தை விழுங்கிவிட்டு முன்னோர் காலங்காலமாகச் சாப்பிட்டதுதானே என்று தைரியம் கொள்வதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

பலராலும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2012இல் இந்திய உளவியல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. மன அழுத்தத்தில் இருந்த 64 பேரில் ஒரு பாதியினர் வேர்ச்சாரம் 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை 60 நாள்கள் எடுத்துக்கொண்டனர். அவர்களுடைய இரத்தத்தில் அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோல் சராசரியாகச் சுமார் 28 விழுக்காடு குறைந்தது. வெற்று மாத்திரைக் குழுவில் சுமார் 8 விழுக்காடு குறைந்தது. அழுத்தத்தை அளக்கும் வினாப்பட்டியல்களிலும் வேறுபாடு தெளிவாகவே இருந்தது. பிறகு வந்த சிறிய ஆய்வுகள் பலவும் இதே திசையைக் காட்டுகின்றன. உறக்கத்தில் ஓரளவு முன்னேற்றத்தையும் சொல்கின்றன. உளநோய் மருத்துவத்தில் மூலிகைகளின் இடத்தை ஆராய்ந்த பன்னாட்டு மருத்துவக் குழு ஒன்று 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில், பொதுப் பதற்றக் கோளாறுக்கு நாளொன்றுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வேர்ச்சாரத்தைத் தற்காலிகப் பரிந்துரையாகச் சேர்த்தது. இந்த நான்கு மூலிகைகளில் சான்று என்ற அளவுகோலில் முந்தி நிற்பது இதுவே, ஐயமில்லை.

ஆனால் முந்தி நிற்பதற்கு ஏற்ற அளவில் எச்சரிக்கைகளும் உள்ளன. தைராய்டு ஹார்மோனை இது உயர்த்தக்கூடியது. தைராய்டு மிகுதியால் அவதிப்படுபவர் தொடவே கூடாது, தைராக்சின் மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கினால் மாத்திரையின் அளவு குழம்பிப்போகும். கல்லீரல் பாதிப்பு அரிது, ஆனால் உண்மை. தொடங்கி இரண்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மஞ்சள்காமாலையும் தாங்க முடியாத அரிப்பும் வந்த நோயாளிகளைப் பற்றி இந்தியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் அறிக்கைகள் வந்துள்ளன. பெரும்பாலோர் நிறுத்தியதும் மெல்லத் தேறிவிட்டனர். ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு அது ஆபத்தாக முடிந்திருக்கிறது. கருவுற்றோர், கருத்தரிக்க முயல்வோர், பாலூட்டுவோர், உறக்க மாத்திரை அல்லது அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் சாப்பிடுவோர், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்போர், ஹார்மோன் சார்ந்த புராஸ்டேட் புற்றுநோய் உள்ளோர் ஆகியோருக்கு இது ஏற்றதன்று. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்போரில் சர்க்கரையோ அழுத்தமோ எதிர்பாராமல் இறங்கலாம். டென்மார்க் 2023இல் இதை முற்றாகத் தடை செய்ததும் ஒரு செய்தியே. அந்த முடிவு சற்று மிகையானது என்று நான் கருதினாலும், அதன் பின்னணியில் இருந்த தைராய்டு, பாலியல் ஹார்மோன்கள் பற்றிய கவலைகளை மிகை என்று தள்ளிவிட முடியாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, வேர் மட்டுமா, இலையும் சேர்ந்ததா என்பது. இலையில் வித்தஃபெரின்-ஏ என்ற பொருள் மிகுதி. மலிவாக வித்தனோலைடு விழுக்காட்டைக் கூட்டிக் காட்ட இலை உதவுகிறது. 2021இல் ஆயுஷ் அமைச்சகம் இலையைத் தவிர்த்து வேரையே பயன்படுத்துமாறு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. டப்பாவில் வேர் என்று தெளிவாக எழுதாமல், வித்தனோலைடு 20, 30 விழுக்காடு என்று மட்டும் பெருமையடித்திருந்தால் அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம்.

துளசி

துளசியைப் பற்றி நம்மவர்களிடம் பேசுவது கடினம், ஏனென்றால் அது மருந்து என்பதற்கு முன்பே வீட்டு உறுப்பினர். மாடத்துத் துளசியில் நான்கு இலை மெல்வதையும், வெந்நீரில் போட்டுக் குடிப்பதையும் யாரும் எடைபோட்டுச் செய்வதில்லை; அந்த அளவில் அதற்குப் பெரிய ஆபத்தும் இல்லை, பெரிய பலனை நிறுவிய ஆய்வும் இல்லை. ஆய்வுகள் காட்டும் பலன் சாரத்துக்கு உரியது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், அழுத்தத்தில் இருந்த 100 பேரில் ஒரு பகுதியினர் எட்டு வாரம் 125 மில்லிகிராம் துளசிச் சாரத்தை நாளுக்கு இருமுறை எடுத்தனர்; அவர்கள் உணர்ந்த அழுத்தமும் உறக்கக் குறைவும் குறைந்ததோடு, தலைமுடியில் அளந்த கார்ட்டிசோலும் குறைந்திருந்தது. முடியில் அளப்பது இரத்தத்தில் அளப்பதைவிடப் பொருளுள்ளது. இரத்தத்தின் கார்ட்டிசோல் காலையில் ஏறி மாலையில் இறங்கும். முடியோ கடந்த சில வாரங்களின் கணக்கைச் சேர்த்துவைத்திருக்கும்.

அமுக்கராவோடு ஒப்பிட்டால் துளசியின் சான்று மெல்லியது, எச்சரிக்கைப் பட்டியலும் மெலிந்தது. இரத்தம் உறைவதைச் சற்றே தாமதப்படுத்தக்கூடும் என்பதால் வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுவோரும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் சாரத்தைத் தவிர்க்க வேண்டும். விலங்குகளில் விந்தணு எண்ணிக்கையைக் குறைத்ததாக ஆய்வுகள் இருப்பதால், குழந்தைக்காக முயலும் தம்பதியர் கேப்சூல் அளவுக்குப் போகாமல் இருப்பது நல்லது.

துளசித் தேநீருக்கு இன்னொரு பலன் உண்டு. அது துளசியினுடையதா என்பதே கேள்வி. அலுவலகத்தில் பிற்பகல் மூன்றாவது, நான்காவது காப்பியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் துளசி வெந்நீரை வைப்பவருக்கு, இரவு உறக்கம் ஒரு வாரத்திலேயே மாறக்கூடும். அதில் துளசியின் பங்கு எவ்வளவு, உடலுக்குள் போகாமல் நின்ற கஃபீனின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: துளசி கலந்த தேயிலை என்று விற்கும் பைகள் பலவற்றில் தேயிலையே முதலிடம் வகிக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பொருள் பட்டியலில் முதலில் எழுதியிருப்பது எது என்று பார்த்து வாங்குங்கள்.

வல்லாரை

வல்லாரைக்குத் தமிழ்நாட்டில் துவையலும், யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் சேர்ந்த சம்பலும் உரிய வடிவங்கள். அந்த வடிவத்தில் அது ஒரு நல்ல கீரை; வாரத்தில் இரண்டு மூன்று நாள் சேர்த்துக்கொள்வதற்கு மன அழுத்தம் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

மருந்தாக வரும்போதுதான் சிக்கல். பதற்றத்துக்கு இது உதவும் என்பதற்குப் பரவலாகக் காட்டப்படும் ஆய்வு 2000இல் கனடாவில் நடந்தது. உடல்நலமுள்ள 40 பேரில் ஒரு பாதியினருக்கு வல்லாரையைத் திராட்சைச் சாற்றில் கலந்து ஒரே வேளையாகக் கொடுத்துவிட்டு, திடீர் ஓசைக்கு அவர்கள் எவ்வளவு திடுக்கிடுகிறார்கள் என்று அளந்தார்கள், திடுக்கிடல் குறைந்தது. ஆனால் கொடுத்த அளவு 12 கிராம். கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் கேப்சூலில் அது 24 கேப்சூல். நாளுக்கு இரண்டு விழுங்கிவிட்டு அந்த ஆய்வைத் துணைக்கு அழைப்பதில் பொருளில்லை.

வல்லாரையும் நீர்ப்பிரமி என்ற வேறொரு செடியும் பிராமி என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதால், வாங்குபவர் எதை வாங்குகிறோம் என்றே அறியாமல் போகும் நிலையும் உண்டு. நினைவாற்றலைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நீர்ப்பிரமியைப் பற்றியவை. பிளஸ் டூ தேர்வு நெருங்கும்போது பிள்ளைக்கு வல்லாரை கேப்சூல் வாங்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் அந்தப் பிள்ளையை இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துப் படுக்கவிட்டால் பணமும் மிச்சம், பாடமும் நிற்கும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, இச்செடி ஈரத்தில் படர்ந்து ஒவ்வொரு கணுவிலும் வேர்விடுவது. நீரோடு வரும் ஈயம் முதலிய உலோகங்களையும் ஈர்த்துக்கொள்ளும். நகரத்துச் சாக்கடையோரம் செழித்திருப்பதைப் பறித்து வந்து பொடி செய்யக் கூடாது. சாரமாக நீண்ட நாள் எடுத்தவர்களில் கல்லீரல் பாதிப்பு அரிதாகப் பதிவாகியிருக்கிறது. உறக்க மருந்தோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டும்.

ரோடியோலா

சைபீரியாவும் ஸ்காண்டிநேவியாவும் போன்ற குளிர்நிலங்களில் வளரும் ரோடியோலாவின் வேரை நறுக்கினால் ரோஜா மணம் வரும். இதன் உறவுச்செடி ஒன்று லடாக்கில் சோலோ என்ற பெயரில் வளர்கிறது. 2019 ஆகஸ்டில் இந்தியப் பிரதமர் மோடி நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில் இதைக் குறிப்பிட்ட பிறகு இந்தியச் சந்தையிலும் பேச்சு எழுந்தது. மற்ற மூன்றும் அமைதியின் பக்கம் சாய்பவை. இது விழிப்பின் பக்கம் சாய்வது. பகல் சோர்வு, வேலையில் மனம் ஒன்றாமை ஆகியவற்றுக்கே இது பொருந்தும். காலையில்தான் எடுக்க வேண்டும். மாலையில் எடுத்தால் உறக்கம் கெடும்.

ஐரோப்பிய மருந்து முகமை இதை அழுத்தத்தால் வரும் சோர்வுக்குத் தற்காலிக நிவாரணமாக ஏற்றிருக்கிறது. அந்த ஏற்பு நெடுங்காலப் பழக்கத்தின் அடிப்படையிலானதே தவிர, ஆய்வுகளின் வலிமையால் வந்ததன்று. பேர்பெற்ற ஆய்வுகளில் ஒன்றில் 101 பேர் நான்கு வாரம் எடுத்து நன்றாக உணர்ந்தார்கள், ஆனால் ஒப்பிட வெற்று மாத்திரைக் குழுவே இல்லை. கலப்படமும் இதில் மிகுதி. லண்டனில் 2016இல் வெளியான ஒரு சோதனையில், ரோடியோலா ரோசியா என்று விற்கப்பட்டவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில், அதற்கே உரிய ரோசவின் என்ற பொருள் இல்லை. காட்டில் தோண்டியெடுத்து அழிந்துவருவதால் 2023 முதல் ரோடியோலா இனச் செடிகளின் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்திருக்கிறது; கலப்படம் இதனால் குறையும் என்று எதிர்பார்க்க இடமில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரை சாப்பிடுவோரும் இருமுனைக் கோளாறு உள்ளோரும் இதைத் தவிர்க்க வேண்டும். மதுரையிலோ மட்டக்களப்பிலோ இருப்பவர் இறக்குமதி விலை கொடுத்து இதை நாட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. பகல் சோர்வுக்கு முதலில் இரத்தப் பரிசோதனையே மலிவான வழி.

ஒரே பார்வையில்

| தேர்வு | எதற்குப் பொருந்தும் | மனித ஆய்வுச் சான்று | யார் தவிர்க்க வேண்டும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| அமுக்கரா சூரணம் | பசியின்மையோடு கூடிய அழுத்தம், மெலிவு | மரபு வலுவானது, ஆய்வு குறைவு | நீரிழிவு, குடல்புண், வலிப்பு மருந்து எடுப்போர். கருவுற்றோர், தைராய்டு மிகுதி | மருத்துவமனை நேரம், சர்க்கரை |
| அஸ்வகந்தா வேர்ச்சாரம் | பதற்றம், உறக்கமின்மை | நான்கில் முதலிடம், ஆனால் சிறிய ஆய்வுகள் | தைராய்டு மிகுதி, கல்லீரல் நோய், கருவுற்றோர் | பரிசோதனைகள் |
| துளசி | லேசான அழுத்தம், காப்பி மிகுதி | சாரத்துக்குச் சில ஆய்வுகள் | இரத்தம் உறையாமை மருந்து எடுப்போர், அறுவைக்கு முன் | இலையாக எனில் ஏதுமில்லை |
| வல்லாரை | கீரையாக எல்லோருக்கும் | மருந்தாக மிகக் குறைவு | கல்லீரல் நோய், உறக்க மருந்து எடுப்போர் | பெயர்க் குழப்பம், அசுத்த நீர் |
| ரோடியோலா | பகல் சோர்வு | கலவையானது | இருமுனைக் கோளாறு, மனச்சோர்வு மருந்து எடுப்போர் | கலப்படம், இறக்குமதி விலை |

எந்த நிலையில் எது

இரவு உறக்கம் கெட்டு, பகலில் படபடப்பு இருந்து, தைராய்டும் கல்லீரலும் சரியாக உள்ளவராக, வேறு மருந்து எடுக்காதவராக இருந்தால், வேர்ச்சாரம் 300 மில்லிகிராமில் தொடங்கி இரண்டு மாதம் பார்ப்பது நியாயமான முயற்சி. உடல் மெலிந்து பசி போனவர் சித்த மருத்துவரிடம் சென்று சூரணம் பெறுவது மேல். மூன்று நான்கு மருந்துகளை நாள்தோறும் சாப்பிடும் அறுபது வயதுக்காரருக்கு, இலையாகத் துளசியும் கீரையாக வல்லாரையும் தவிர எதையும் நான் சொல்ல மாட்டேன். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சாரங்கள் வேண்டாம்.

எதுவுமே எடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். பலருக்கு அதுவே சரியானது. கடன், பணியிடத் துன்புறுத்தல், வீட்டு வன்முறை, நோயாளியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் சுமை ஆகியவற்றால் வரும் அழுத்தத்தில் கார்ட்டிசோலைக் குறைப்பதால் சூழல் மாறிவிடாது. காரணமின்றி அழுகை, எதிலும் பற்றின்மை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இவற்றில் எது இருந்தாலும் மூலிகையைப் பற்றி யோசிக்கும் நேரம் அதுவன்று. இந்தியாவில் டெலி மனாஸ் உதவி எண் 14416, இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

வாங்கும்போதும் எடுக்கும்போதும்

ஒரே மூலிகை இந்தியாவில் இரண்டு சட்டங்களின் கீழ் விற்கப்படுகிறது. சித்த, ஆயுர்வேத மருந்தாக விற்றால் மாநில உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இருக்கும். உணவுத் துணைப்பொருளாக விற்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க எண் இருக்கும். இரண்டும் இல்லாத டப்பா எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ காணப்பட்டது. ஆகவே கன உலோகச் சோதனை அறிக்கையைக் கேட்டால் தரும் நிறுவனத்திடம் வாங்குவது நல்லது.

ஐந்தாறு மூலிகைகளைக் கலந்த கூட்டுக் கேப்சூல்களை வாங்காதீர்கள். ஒவ்வொன்றும் பலன் தரும் அளவைவிடக் குறைவாக இருக்கும். உடம்பு அரித்தால் எது காரணம் என்றும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரே மூலிகை, தொடங்கும் தேதியை நாள்காட்டியில் குறித்து, உறங்கிய மணி நேரத்தையும் காலை நிலையையும் ஒரு நோட்டில் நாலு சொல்லில் எழுதிவருவது போதும். எட்டாவது வாரம் முடிந்தபின் முதல் வாரப் பக்கத்தையும் கடைசி வாரப் பக்கத்தையும் வைத்துப் பார்த்து, வேறுபாடு இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். அடுத்த பிராண்டுக்குத் தாவ வேண்டாம்.

இடையில் தோல் அரிப்பு, சிறுநீர் கரும்மஞ்சளாகப் போவது, கண் வெளுப்பில் மஞ்சள், காரணமில்லாத படபடப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுவதும், மயக்க மருந்து தருபவரிடம் எடுத்துவந்ததைச் சொல்வதும் அவசியம். அஸ்வகந்தா ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று மாதத்தோடு முடிந்துவிடுவதால், அதற்கு மேலும் தொடர விரும்புபவர் கல்லீரல், தைராய்டு பரிசோதனைகளைச் செய்துகொண்ட பிறகே அடுத்த டப்பாவை வாங்கலாம்.